மத்தியான வெயிலில் ராத்திரிச் சாப்பாடு

சோலார் குக்கர் பெட்டி, அதாவது மேலே கண்ணாடி போட்டு வெயில் சூட்டிலேயே சமைக்கும் பெட்டி, வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும்: வெயில் அடிப்பது மத்தியானம், சூடான சோறு வேண்டியது ராத்திரி எட்டு மணிக்கு, என்ன செய்வது? பெட்டிக்குள் கல் வைக்கலாம். ஆனால் ராத்திரி அந்தக் கல்லின் மேல் புதிதாக உலை வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். 6 கிலோ கருங்கல் 120 டிகிரியிலிருந்து 90க்கு இறங்கும்போது விடும் வெப்பம், அரை லிட்டர் தண்ணீரை 30லிருந்து 100 டிகிரிக்கு ஏற்றும் அளவுதான். வேகவைப்பது வெயில், ஆறாமல் காப்பதுதான் கல்.

முக்கால் இன்ச் கருங்கல் ஜல்லியைக் கழுவி இரண்டு நாள் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் அதை ஆவியாக்கவே சூடு போய்விடும், கண்ணாடியும் மங்கிவிடும். தகரத் தட்டில் பரப்பி, இடுக்குகளைக் காய்ந்த மணலால் நிரப்பி, மேலே பழைய இரும்பு தோசைக்கல்லை வையுங்கள். எடைக்கு எடை இரும்பைவிடக் கல்தான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூடு பிடிக்கும். பெட்டி சின்னது என்றால் இரும்பையே கூட்டுங்கள், அதே அளவு இடத்தில் அதுதான் அதிகச் சூடு பிடித்து வைக்கும்.

காலை 9 மணிக்கே கல்லோடு பெட்டியை வெயிலில் வைத்துவிட்டு, 12 மணிக்கு மேல் அரிசியையும் ஊறவைத்த பருப்பையும் மூடி போட்ட கறுப்புப் பாத்திரங்களில் உள்ளே வையுங்கள். அப்புறம் திறக்கவே வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: வெயில் இருக்கிறதே என்று ஐந்தரை வரை விட்டுவிடுகிறார்கள், அதற்குள் சாய்ந்த வெயில் தருவதைவிடக் கண்ணாடி வழியாக வெளியேறும் சூடு அதிகமாகியிருக்கும். நாலு மணிக்கே கண்ணாடி மேல் தடித்த பருத்திப் போர்வையை மடித்துப் போட்டு, மூடியைச் சாத்தி, பெட்டியையே பழைய மெத்தையால் சுற்றிவிடுங்கள். தெர்மாக்கோல் மட்டும் உள்ளே வேண்டாம், கல் சூட்டில் இளகிவிடும்.

ஒரு சமையல் தெர்மாமீட்டர் கண்டிப்பாக வாங்குங்கள். சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இறங்கி நெடுநேரம் ஆகிவிட்டால் கொதிக்க வைத்தும் பயனில்லை, சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு கொதியில் அழியாது.

சாப்பாட்டை எடுத்த பிறகும் கல்லில் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும். மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காத வீடாக இருந்தால், கல் வெதுவெதுப்புக்கு வந்ததும் மாவுப் பாத்திரத்தை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.