பேரப்பிள்ளை பள்ளியில் திணறும்போது: தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

பேரன் மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியவில்லை. பேத்தி வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று வாரந்தோறும் டைரியில் குறிப்பு வருகிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளியோ "வீட்டில் கொஞ்சம் கவனியுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. தமிழ்நாட்டின் பல வீடுகளில் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அழைத்து வருவதும் வீட்டுப்பாடம் எழுத வைப்பதும் தாத்தா பாட்டியின் வேலையாக இருப்பதால், இந்தக் கவலை முதலில் அவர்களிடமே வந்து சேர்கிறது. ஆனால் பள்ளிப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருப்பதில்லை. பெற்றோர் இருக்கும்போது விண்ணப்பங்களில் அவர்கள் கையெழுத்தும் செல்லாது. அந்த நிலையில் இருப்பவர் எதைச் செய்யலாம், எதில் தலையிடாமல் இருப்பது நல்லது என்பதை இங்கே எழுதுகிறேன். என் கருத்தில் அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வீட்டுக்குள் வாய்ப்பேச்சாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கவலையைத் தேதியிட்ட காகிதங்களாக மாற்றித் தருவதுதான்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

மருத்துவரிடமோ தலைமை ஆசிரியரிடமோ போய் "பிள்ளை சரியாகப் படிப்பதில்லை" என்று சொன்னால், "நிறைய பிள்ளைகள் அப்படித்தான்" என்ற பதிலே கிடைக்கும். அதற்குப் பதிலாக, பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வையுங்கள்: 'மரம்' என்பதை 'ரமம்' என்று படித்தான், நான்கு வரியைப் பார்த்து எழுத முக்கால் மணி நேரம் ஆனது, வாயால் கேட்டால் விடையைச் சரியாகச் சொல்கிறான், எழுதச் சொன்னால் தாள் வெறுமையாகவே இருக்கிறது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, ஆனால் பக்கத்து அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரியும் சத்தத்துக்கு ஓடி வருகிறாள். இத்தகைய ஒரு வரி, பத்து நிமிடப் புலம்பலைவிட நிபுணருக்கு அதிகம் சொல்லும். பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது, எந்த நேரத்தில் அமைதியாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பழைய வகுப்புகளின் நோட்டுகளையும் விடைத்தாள்களையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சிக்கல் எப்போது தொடங்கியது என்பதற்கு அவையே சாட்சி.

தாத்தா பாட்டியிடம் மட்டுமே இருக்கும் இன்னொரு சரக்கு நினைவு. பிறந்தபோது எடை எவ்வளவு, குறைமாதமா, இன்குபேட்டரில் வைத்தார்களா, மஞ்சள் காமாலை வந்ததா, வலிப்பு வந்ததா, எப்போது உட்கார்ந்தது, எப்போது முதல் சொல் பேசியது என்பவற்றையெல்லாம் நிபுணர்கள் முதல் நாளே கேட்பார்கள். பெற்றோர் தடுமாறுகிற இடம் அது. நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

"இவன் அப்பாவும் நாலு வயசு வரைக்கும் பேசல, இப்ப இன்ஜினியரா இல்லையா" என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தாமதமாகப் பேசிய ஒரு தந்தையை வைத்து அவர் பிள்ளையின் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், மூளை வேகமாக வளரும் ஆண்டுகள் வீணாகக் கழிந்துவிடும். வேண்டுதலும் நேர்த்திக்கடனும் அவரவர் நம்பிக்கை. பரிசோதனைக்கு நாள் குறித்த பிறகு அவற்றையும் செய்துகொள்ளலாம்.

பெற்றோரிடம் பேசுவது

இதுதான் மிகக் கடினமான பகுதி. மாமியார் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லும் மருமகளுக்குத் தன் வளர்ப்பின் மீதான குற்றச்சாட்டாகவே கேட்கக்கூடும். மகனோ தன் பிள்ளைக்கு ஒரு பெயர் சூட்டப்படுவதை நினைத்தே கோபப்படுவான். எனவே ஆட்டிசம் (பிறரோடு பேசிப் பழகுவதைப் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடு), டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் திணறல்) போன்ற சொற்களை நீங்களாக எடுக்காதீர்கள். அவற்றைச் சொல்ல வேண்டியவர் நிபுணர். பள்ளியிலிருந்து புகார் வந்த நாளிலோ உறவினர் முன்னிலையிலோ பேச்சைத் தொடங்காமல், பிள்ளை தூங்கிய பின் சொல்லுங்கள்: "நீ ஒரு குறையும் வைக்கலம்மா. கண்ணையும் காதையும் ஒரு தடவை காட்டிட்டு வந்துடுவோம், நானும் கூட வர்றேன்." கண், காது என்றால் யாரும் மறுப்பதில்லை. எந்த மதிப்பீட்டிலும் முதலில் பார்க்க வேண்டியவையும் அவையே என்பதால், இதில் ஏமாற்றும் இல்லை. மறுத்தால் விட்டுவிட்டு, சில வாரங்கள் கழித்து நோட்டைக் காட்டி மீண்டும் கேளுங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளையை மதிப்பீட்டுக்கு அழைத்துப் போவது மட்டும் வேண்டாம். அதன் பிறகு உங்கள் எந்தச் சொல்லும் அந்த வீட்டில் எடுபடாது.

எங்கே காட்டுவது

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஒரு முறையும் வந்து பரிசோதிக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய பிள்ளைகளை அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்; மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றோரை ஒரே இடத்தில் பார்ப்பதற்காகவே அம்மையங்கள் அமைக்கப்பட்டன. சென்னையை ஒட்டியிருப்பவர்கள் முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்துக்கும் போகலாம். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் மட்டும் சிக்கல் என்றால், சென்னையிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் நெடுங்காலமாக அத்துறையில் பணியாற்றி வருகிறது.

ஓர் எச்சரிக்கை. ஆட்டிசத்தை ஸ்டெம் செல் ஊசியால் குணப்படுத்துகிறோம், ஆறு மாதத்தில் பேச வைக்கிறோம் என்று உறுதியளிப்பவர்களிடம் போகாதீர்கள். அச்சிகிச்சைக்கு அறிவியல் சான்று இல்லை. இத்தகைய இடங்களுக்குக் கொடுக்கப்படும் பணம் பெரும்பாலும் தாத்தா பாட்டியின் ஓய்வுக்காலச் சேமிப்பாகவே இருக்கிறது. அதே தொகை ஓராண்டுக்கும் மேலான பேச்சுப் பயிற்சிக்குப் போதுமானதாக இருக்கலாம்.

சான்றிதழும் அட்டையும்

தனியார் உளவியலாளரின் அறிக்கை பள்ளியில் பேசுவதற்குப் பயன்படும். ஆனால் அது அரசுச் சான்றிதழ் ஆகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவை அதில் உள்ளன. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த நிலை அப்பட்டியலில் தனியாக இல்லை என்பது பல குடும்பங்களுக்கு வரிசையில் நின்ற பிறகே தெரியவருகிறது. அப்பிள்ளைக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சேர்ந்து வருவது அரிதன்று.

கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் பொதுவாக எட்டு வயது அல்லது மூன்றாம் வகுப்புக்குப் பிறகே கிடைக்கும் என்பதால், ஐந்து வயதில் கிடைக்கவில்லை என்று மனம் உடைய வேண்டாம். பயிற்சியை அதற்காக நிறுத்தவும் வேண்டாம். சான்றிதழுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் இணையவழியே விண்ணப்பித்து, குறிப்பிடும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி ஆகியவை ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று நீங்கள் ஒரு முறை சரிபாருங்கள். எழுத்துப் பிழையால் திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது. குறைபாட்டின் அளவு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று பெற்றால், அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமை பிள்ளைக்கு உண்டு. உதவித்தொகைகளைப் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

பள்ளியிடம் கேட்பது

அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசின் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்றும், கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. "எங்களிடம் வசதி இல்லை" என்ற பதிலோடு உரையாடல் முடிந்துவிடக் கூடாது. வாயால் கேட்டதற்கு வாயாலேயே பதில் வரும். எனவே கடிதம் கொடுங்கள். வரைவை நீங்கள் எழுதலாம், கையெழுத்துப் பெற்றோருடையதாக இருக்கட்டும். இப்படி எழுதினால் போதும்:

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவில் பயிலும் எங்கள் மகனுக்கு வாசிப்பதிலும் எழுதுவதிலும் தொடர்ந்து சிரமம் உள்ளது. மருத்துவ அறிக்கையின் நகலை இணைத்துள்ளோம். முன்வரிசையில் இடம், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட குறிப்பு, தேர்வில் கூடுதல் நேரம், வாய்மொழியாக விடை சொல்ல வாய்ப்பு ஆகியவற்றை வழங்குமாறும், சிறப்பாசிரியரின் உதவிக்கு ஏற்பாடு செய்யுமாறும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16, 17 பிரிவுகளின்படி கேட்டுக்கொள்கிறோம். தங்கள் பதிலை எழுத்து வழியாக எதிர்பார்க்கிறோம்."

இரண்டு நகல்கள் எடுத்து, ஒன்றில் தேதியுடன் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமோ முத்திரையோ வாங்குங்கள். மறுத்தால், சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். அரசுப் பள்ளி என்றால், வட்டார வள மையத்திலுள்ள சிறப்பாசிரியர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு, அந்த நாளில் பிள்ளை விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் போய் வர வேண்டியிருப்பதே நம் பிள்ளைகளின் தேவை நிறைவேறாமல் போவதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் வகுத்துக் கொடுத்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் போக நேர்ந்தால், இந்த விகிதத்தைச் சொல்லித் தீர்மானம் எழுதச் செய்யலாம்.

"வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்பதாக எழுதித் தரச் சொல்லும் பள்ளிகள் உண்டு. எழுதிக் கொடுக்காதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் 'சொந்த விருப்பம்' என்ற இரண்டு சொற்கள் அந்தப் பாதுகாப்பை நீக்கிவிடும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அங்கே 2016 சட்டத்தையே முன்வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலர், திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம், பிறகு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் என்ற வரிசையில் மேலே போகலாம். மனு கொடுக்க வரிசையில் நிற்பதற்குத் தாத்தாவுக்கு நேரம் இருக்கிறது, அப்பாவுக்கு விடுப்பு இல்லை.

பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்றவற்றைத் தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது. விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகவே போகும். ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள்.

வீட்டில்

பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்ததைத் தினமும் இருபது நிமிடம் செய்ய வையுங்கள். அதற்கு மேல் இழுக்க வேண்டாம். அடிப்பதும், அண்ணன் தங்கையோடு ஒப்பிடுவதும் எந்தக் குறைபாட்டையும் குறைத்ததில்லை. இரு பேரப்பிள்ளைகளில் ஒன்றுக்கே எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும்போது, மற்றதன் பள்ளிக் கதையைக் கேட்கவும் வீட்டில் ஒருவர் வேண்டும்.

பதினெட்டு வயதுக்குப் பிறகு

நமக்குப் பிறகு யார் என்ற கேள்வி அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் குடும்பங்களில் தூக்கத்தைக் கெடுக்கும். இந்த நான்கிற்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்த பின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கக் கோரி, பெற்றோரோ உறவினரோ மாவட்டத்தின் உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். சொத்தில் ஒரு பங்கைப் பேரப்பிள்ளைக்கு எழுதிவைக்க நினைப்பவர்கள், நேரடியாக அவன் பெயரில் எழுதுவதற்கு முன் வழக்கறிஞரிடம் அறக்கட்டளை ஏற்பாடு பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. கற்றல் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைக்கு இந்தப் பாதுகாவலர் ஏற்பாடு பொருந்தாது, தேவையும் இல்லை.