டெல்டாவில் ஒரு குழந்தைகள் மையம்: பருவச் செயல்பாடுகளையும் குடும்பச் செய்திகளையும் ஒரே நோட்டில் நடத்துவது எப்படி

காவிரி டெல்டாவில் குழந்தைகள் மையம் நடத்தும் டீச்சர்கள் பலர், ஆண்டுத் திட்டம் எழுத உட்காரும்போது நாட்காட்டியிலுள்ள விழாக்களை வரிசையாக எடுத்து எழுதிவிட்டு, குடும்பங்களைப் பற்றிய விவரங்களை வேறொரு பதிவேட்டில் வைத்துக்கொள்கிறார்கள். இந்த மண்ணுக்கு அந்த முறை பொருந்துவதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கிராமங்களில், தாய் எத்தனை மணிக்கு வயலுக்குக் கிளம்புகிறார், குழந்தையை யார் கொண்டுவந்து விடுகிறார்கள், அது காலையில் சாப்பிட்டுவிட்டு வந்ததா என்பதையெல்லாம் தீர்மானிப்பது வயல் வேலையின் போக்குதான். ஆகவே பருவமும் குடும்பமும் ஒரே நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கன்வாடிக்கும் தனியார் காப்பகத்துக்கும் இது பொது.

ஒரு நீள நோட்டை எடுத்துத் தமிழ் மாதம் ஒவ்வொன்றுக்கும் சில பக்கங்களை ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் ஊரில் நடப்பதையும் அதையொட்டி மையத்தில் செய்யப்போவதையும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் குழந்தைகளின் பெயர்களை எழுதி, வீட்டுச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டின் முதல் பக்கங்களில் ஒவ்வொரு குழந்தையையும் அழைத்துச் செல்ல உரிமை உள்ளவர்களின் பெயர்கள், இரண்டு கைப்பேசி எண்கள், ஒவ்வாத உணவு, வலிப்பு வந்த வரலாறு ஆகியவை இருக்க வேண்டும். குழந்தை தன் பாட்டியை எப்படிக் கூப்பிடுகிறது என்பதையும் எழுதிவையுங்கள். அழுதுகொண்டே "அம்மாயி" என்று கேட்கும் குழந்தை யாரைத் தேடுகிறது என்று புதிதாக வந்த ஆயாவுக்கும் உடனே தெரிய வேண்டும்.

ஆனியும் ஆடியும்

குறுவை நெல் சாகுபடிக்காக மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது மரபு. நீர் இருப்பு குறைந்த ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். திறந்த நீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து, பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடையைச் சேர மேலும் பல நாள்கள் ஆகும். எனவே செய்தித்தாளில் வந்த தேதியை விட்டுவிட்டு, உங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளையே நோட்டில் குறியுங்கள். அந்த நாளில் பெற்றோருக்குப் போக வேண்டிய முதல் செய்தி கொண்டாட்டம் பற்றியது அன்று, பாதுகாப்பு பற்றியது. கோடை முழுவதும் காய்ந்த வாய்க்காலில் இறங்கி விளையாடிப் பழகிய குழந்தைக்கு, அதே இடம் இன்று ஆபத்தானது என்று தானாகத் தெரியாது. அறிவிப்பை இப்படி எழுதலாம்: "நம் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. குழந்தையைத் தனியாகவோ, அண்ணன் அக்காவுடனோ அனுப்ப வேண்டாம். பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வந்து டீச்சரிடம் ஒப்படைக்க வேண்டும்." மையத்தின் கதவுக்குக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் அதே வாரத்தில் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தலைகளை எண்ணுங்கள்.

புதுத்தண்ணீரைக் குழந்தைகள் பார்க்கத்தான் வேண்டும். இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் தாய்மாரையும் தாத்தாக்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, கரையோரம் போகாமல் சாலையில் நின்றே காட்டுங்கள். திரும்பி வந்ததும் அகலமான பாத்திரத்தில் சிறிது தண்ணீர் ஊற்றி, பூவரச இலை, கொட்டாங்கச்சி, கல், வேப்பங்குச்சி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். போடுவதற்கு முன் "மிதக்குமா, மூழ்குமா?" என்று கேட்பதில்தான் இதன் பயன் இருக்கிறது, முதலில் ஊகித்துச் சொல்லும் குழந்தை பிறகு உற்றுப் பார்க்கிறது. கொட்டாங்கச்சியில் ஒவ்வொரு கல்லாக வைத்து எத்தனையாவது கல்லில் அது மூழ்குகிறது என்று எண்ணினால் எண்களும் சேர்ந்து வரும். முடிந்த உடனே தண்ணீரைக் கொட்டிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள். சாண் ஆழத் தண்ணீரும் சிறு குழந்தைக்கு ஆபத்து. தேங்கி நின்றால் டெங்குக் கொசுவும் வளரும்.

ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதி வரும். அதற்குப் பத்து நாள் முன்னதாகவே தேங்காய்நார் பரப்பிய சிறு தட்டுகளில் பாசிப்பயறு, தட்டைப்பயறு, நெல் ஆகியவற்றை விதைத்து, பாதித் தட்டுகளை இருட்டிலும் பாதியை வெளிச்சத்திலும் வையுங்கள். இருட்டில் வளர்ந்தது மஞ்சளாகவும் உயரமாகவும், வெளிச்சத்தில் வளர்ந்தது பச்சையாகவும் குட்டையாகவும் இருப்பதைக் குழந்தைகளே கண்டு சொல்வார்கள். தஞ்சைப் பகுதியில் அன்று சிறுவர்கள் சப்பரம் இழுப்பதுண்டு. அட்டைப்பெட்டிக்கு வண்ணத்தாள் ஒட்டிக் கயிறு கட்டினால் இரண்டு வயதுக் குழந்தையும் இழுத்துவிடும். காப்பரிசி தருவதானால் காய்ச்சி ஆறிய நீரில் அரிசியை ஊறவைத்து, வெல்லத்தோடு தேங்காயைத் துருவிச் சேருங்கள். தேங்காய்ப் பல்லாகக் கீறிப் போட்டால் சிறு குழந்தைக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். ஆற்றுக்கு நன்றி சொல்லும் நாளாக இதை நடத்தினால் எல்லா வீட்டுக் குழந்தைகளும் கலந்துகொள்ள முடியும். நாகூர்க் கந்தூரியையும், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவையும் இடப்பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்த நாள்களில் எந்தக் குடும்பங்கள் ஊரில் இருக்கமாட்டா என்பது வலப்பக்கத்துக்கு உரிய செய்தி.

நடவு நாள்கள்

நடவும் களையெடுப்பும் நடக்கும் வாரங்களில் தாய்மார் விடியும் முன்பே கிளம்பிவிடுவதால், குழந்தை வெறும் வயிற்றோடு அப்பாயியின் இடுப்பில் வந்து சேரும். அன்று பாட்டும் விளையாட்டும் காத்திருக்கலாம். முதலில் வயிற்றுக்குக் கொடுங்கள். குழந்தையைக் கொண்டுவந்து விடுபவர் மாறினால் மாலையில் அழைத்துப்போகிறவரும் மாறக்கூடும் என்பதால், அதைக் காலையிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

குழைத்த மண் பரப்பிய தாம்பாளத்தில் நாற்று முடியைப் பிரித்து நடச் செய்வது இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த செயல்பாடு. நடவுப்பாட்டுத் தெரிந்த பாட்டி ஒருவரை அழைத்துப் பாடச் சொல்லுங்கள். டீச்சர் பாடினால் வேடிக்கை பார்க்கும் குழந்தை, தன் வீட்டுக் கிழவி பாடும்போது கூடவே பாடுகிறது. மருந்து தெளித்த வயலுக்கு அருகில் குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள். கைவேலைக்குக் காலிப் புட்டிகளும் டப்பாக்களும் கொண்டுவரச் சொல்லும்போது, பூச்சிமருந்துப் புட்டியும் உரச்சாக்கும் கழுவியவையாக இருந்தாலும் வேண்டாம் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

மழைக்காலம்

ஐப்பசி முதல் மார்கழி வரை வெளியே போக முடியாத நாள்கள் அதிகம். ஈரக் களிமண் இப்போது எளிதாகக் கிடைக்கும். கல்லும் கண்ணாடியும் இல்லாமல் பொறுக்கிக் கொடுத்தால் குழந்தைகள் பொழுது முழுவதும் அதிலேயே இருப்பார்கள். அடி கனத்து உருண்டையாகவும் மேல்பகுதி இலேசாகவும் இருப்பதால்தான் தஞ்சாவூர்ப் பொம்மை சாய்த்தாலும் நிமிர்கிறது. உருண்டை அடியாகக் களிமண்ணும் மேலே காகிதக் கூம்பும் வைத்து அதைக் குழந்தைகளோடு செய்து பார்க்கலாம்.

குடும்பச் செய்திக்கு மிகுந்த கவனம் தேவைப்படும் காலமும் இதுவே. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கைப்பேசிகள் அணைந்துபோயின. எனவே ஐப்பசி பிறந்ததும் எல்லாத் தொலைபேசி எண்களையும் காகிதத்தில் எழுதி நெகிழி உறையில் வைத்து, புயல் எச்சரிக்கை வந்தால் ஒவ்வொரு குடும்பமும் எங்கே போய்த் தங்கும் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உறவினர் மாடி வீடா, பள்ளிக்கூடமா, புயல் பாதுகாப்பு மையமா என்று கேட்டால் பெற்றோர் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

நோய்ச் செய்தியை ஊகத்துக்கு இடம் தராமல் சொல்ல வேண்டும். "மையத்தில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது, உங்கள் குழந்தைக்குக் காய்ச்சலோ கொப்புளமோ இருந்தால் அனுப்ப வேண்டாம்" என்று எழுதினால் போதும், எந்தக் குழந்தை என்று எழுதக் கூடாது. கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே அந்தக் குழந்தை திரும்பி வரலாம். வயிற்றுப்போக்கு தொடங்கினால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை அதில் குறிப்பிட்டுள்ள அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும் என்பதைத் தாய்மாருக்குச் செய்தே காட்டுங்கள். பெரிய பொட்டலத்துக்கு அது ஒரு லிட்டர். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் கலக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது கேடு விளைவிக்கும்.

கார்த்திகை தீபத்துக்கு மையத்துக்குள் உயிருள்ள நெருப்பு வேண்டாம். அகலுக்கு வண்ணம் பூசுவதோடும், திரிக்குப் பதிலாக மஞ்சள் காகிதம் வைப்பதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் கீற்றுக்கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகளை இழந்த மண் இது. பொங்கலுக்கு மையத்தில் கீற்றுப்பந்தல் போடுவது, அதன் அருகில் அடுப்பு மூட்டுவது ஆகிய இரண்டையும் யார் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

தை முதல் சித்திரை வரை

தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும். வெளிநாட்டில் வேலை செய்யும் தந்தையர் சிலர் விடுப்பில் வருவார்கள். அப்பாவை அடையாளம் தெரியாமல் ஒதுங்கும் குழந்தைக்குச் சில நாள் அவகாசம் வேண்டும் என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். ஒருநாள் மையத்துக்கு வந்து கூடவே உட்கார்ந்து விளையாட அழையுங்கள். அவர் திரும்பிப் போகும் தேதியையும் வலப்பக்கத்தில் எழுதிவைத்தால், அதற்குப் பிறகு வரும் அழுகைக்கும் படுக்கையில் சிறுநீர் கழிப்பதற்கும் காரணம் புரியும். நெல்மணிகளை வைத்து எண்ணும் விளையாட்டை மூன்று வயதுக்குக் கீழே தவிருங்கள். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். பங்குனி, சித்திரையில் உளுந்து, பயறுக் காய்களை உரித்துப் பார்ப்பதும் நுங்கு சாப்பிடுவதும் போதும். வெயிலில் ஓட்டம் வேண்டாம்.

செய்தியைச் சொல்வதும் காப்பதும்

மாதத்துக்கு ஒருமுறை ஒரே பக்கத்தில் செய்திமடல் எழுதிக் கதவருகே ஒட்டுங்கள். அதில் வரப்போகும் செயல்பாடு, வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய ஒரு பொருள், எடை பார்க்கும் நாள், தடுப்பூசி நாள், குடற்புழு மாத்திரை தரும் நாள் ஆகியவை இருக்கட்டும். படிக்கத் தெரியாத பாட்டிக்கு வாசலில் வாயால் சொல்லுங்கள். வெளியூரில் இருக்கும் தந்தைக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். தம்பி தங்கை பிறந்தது, காது குத்தியது, அண்ணன் பரிசு வாங்கியது போன்றவற்றை வீட்டாரின் சம்மதத்தோடு எழுதலாம். குழந்தையின் எடை, நோய், கடன், பெற்றோரின் பிரிவு ஆகியவை ஒருபோதும் சுவருக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போகக் கூடாது. புகைப்படத்துக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மறுத்த குடும்பத்தின் குழந்தையைப் படத்துக்காக ஒதுக்கி நிறுத்தாமல், அந்தப் படத்தையே எடுக்காமல் விடுவது நல்லது.

தாய் பிரசவத்துக்குப் போகும் செய்தி வந்தால், இரண்டு வாரம் முன்பிருந்தே பொம்மைக்குக் குளிப்பாட்டித் தொட்டிலாட்டும் விளையாட்டை எல்லாக் குழந்தைகளோடும் தொடங்குங்கள். வீட்டில் இறப்பு நேர்ந்தால் "தாத்தா தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். பிறகு குழந்தை தூங்கவே பயப்படும், அல்லது வாசலில் நின்று காத்திருக்கும். "தாத்தா இறந்துவிட்டார், இனி வரமாட்டார்; உனக்கு அழுகை வந்தால் என்னிடம் வா" என்று எளிமையாகச் சொல்லுங்கள். வீட்டாரும் அதையே சொல்கிறார்களா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்வது அவசியம்.

குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போகும் ஆண்டில், நோட்டில் அதைப் பற்றி எழுதிய வரிகளிலிருந்து பள்ளி ஆசிரியருக்குத் தேவையானவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுங்கள்: ஒவ்வாத உணவு, தடுப்பூசி விவரம், பேச்சிலோ கேட்பதிலோ உள்ள சிரமம், அழுதால் எது ஆற்றும் என்பது. பள்ளியில் அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நோட்டைப் பூட்டிய அலமாரியில் வைத்துவிடுங்கள்.