டாஸில் ஒரு குட்டி பாப்-அப்: இரண்டு ஷிஃப்டை அழுத்தினால் எட்டிப் பார்க்கும் டி.எஸ்.ஆர்.

போர்லண்ட் 1984-ல் வெளியிட்ட சைட்கிக்கில் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் மேலேயே கால்குலேட்டரும் நோட்பேடும் வந்து நிற்கும். இத்தனைக்கும் பழைய பிசி இயங்குதளமான டாஸுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் தெரியும். முடிந்த பிறகும் நினைவகத்தைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருப்பதுதான் சூட்சுமம். இப்படித் தங்கும் புரோகிராம்தான் டி.எஸ்.ஆர். (டெர்மினேட் அண்ட் ஸ்டே ரெசிடென்ட்).

அந்த ரகத்தில் ஒன்று செய்வோம். இரண்டு ஷிஃப்டையும் பிடித்திருக்கும் வரை திரையின் வலது மேல் மூலையில் 10 எழுத்து தெரிய வேண்டும். டாஸ் புரோகிராம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸும், நாஸம் என்ற அசெம்பிளரும் போதும். கீழே இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைநிறுத்தி வேறு ரொட்டீனை ஓட்டும் அழைப்பு), ரெஜிஸ்டர் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்), முகவரி எண்கள் எல்லாம் ஹெக்ஸ் (16 அடிமானம்).

1. காம் ஃபைலாக எழுதுங்கள், தொடக்கம் 100. முதல் வரியிலேயே கடைசிக்குத் தாவுங்கள். தங்க வேண்டிய பகுதி முன்னால், நிறுவும் பகுதி பின்னால். பின்னால் இருப்பதைத்தான் டாஸிடம் திருப்பித் தர முடியும்.

2. ஏஎக்ஸில் 3509 வைத்து இன்டரப்ட் 21-ஐ அழைத்தால், பழைய கீபோர்டு ரொட்டீனின் முகவரி ஈஎஸ்:பிஎக்ஸில் வரும். பத்திரப்படுத்துங்கள். பிறகு 2509 கொடுத்து, டிஎஸ்:டிஎக்ஸில் உங்கள் ரொட்டீனைக் காட்டுங்கள்.

3. ரொட்டீனுக்குள் முதல் வேலை பழையதை அழைப்பது. ஃபிளாக்ஸை (சிபியுவின் நிலைக் குறிகள்) ஸ்டாக்கில் தள்ளிவிட்டு ஃபார் கால் (வேறு செக்மென்டில் இருப்பதை அழைப்பது). தள்ள மறந்தால், திரும்பும்போது ஐரெட் (இன்டரப்டிலிருந்து திரும்பும் கட்டளை) 2 பைட் கூடுதலாக எடுத்து மெஷின் அப்படியே நின்றுவிடும். பிறகு தொடப்போகிற ரெஜிஸ்டர்களை எல்லாம் சேமியுங்கள். இந்த நேரத்தில் டிஎஸ் உங்களுடையதல்ல, இடையில் நின்ற புரோகிராமுடையது. உங்கள் மாறிகளை சிஎஸ் வழியாகத் தொடுங்கள்.

4. 0040:0017-ல் உள்ள பைட்டின் கடைசி இரண்டு பிட்டும் 1 என்றால் இரண்டு ஷிஃப்டும் அழுந்தியிருக்கின்றன. பி800:008சி-யிலிருந்து 20 பைட்டைச் சேமித்து, அதே இடத்தில் உங்கள் எழுத்தை எழுதுங்கள்: எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட். விட்டதும் பழையதைத் திருப்பி வையுங்கள். 'காட்டியாயிற்று' என்று ஒரு ஃபிளாக் கட்டாயம். அழுத்திப் பிடித்த கீ திரும்பத் திரும்ப இன்டரப்ட் அனுப்பும். ஃபிளாக் இல்லாவிட்டால் இரண்டாம் முறை உங்கள் எழுத்தையே சேமித்துக்கொண்டு, கையை எடுத்தாலும் அது போகாது. 0040:0049-ல் 3 இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுங்கள். கிராஃபிக்ஸ் மோடில் கோடுகோடாகக் குப்பைதான் வரும்.

5. கடைசியில் ஏஎக்ஸில் 3100, டிஎக்ஸில் தங்கும் அளவு. கணக்கு 16 பைட் பாராகிராஃபில்: 512 பைட் என்றால் 32, ஹெக்ஸில் 20. முன்னால் இருக்கும் 256 பைட் பி.எஸ்.பி.யும் (புரோகிராமுக்கு முன் டாஸ் வைக்கும் தகவல் பகுதி) இதில் அடக்கம். விட்டுவிட்டால் உங்கள் வால் பகுதியில் அடுத்த புரோகிராம் ஏறி உட்காரும்.

பாப்-அப்புக்குள் இன்டரப்ட் 21-ஐ அழைக்கவே வேண்டாம். டாஸ் தன் வேலையின் நடுவில் இருக்கும்போது மறுபடி அழைத்தால் அதன் ஸ்டாக் நாசம். ஃபைல் எழுதியே ஆக வேண்டுமென்றால் டாஸ் வேலையில் இருக்கிறதா என்று காட்டும் இன்டாஸ் ஃபிளாக், டாஸ் காத்திருக்கும்போது வரும் இன்டரப்ட் 28 என்று அது தனிப் பாடம்.

இரண்டு முறை ஓட்டினால் இரண்டு பிரதி ஏறும். கையை எடுத்ததும் முதல் பிரதி திரையைச் சரிசெய்யும். இரண்டாவது, தான் சேமித்த பாப்-அப்பையே அதன்மேல் ஒட்டிவிடும். எனவே ரொட்டீனுக்குச் சற்று முன் 2 பைட் அடையாளம் வையுங்கள். நிறுவும்போது ஈஎஸ்:பிஎக்ஸுக்கு 2 பைட் முன்னால் அது இருந்தால் பேசாமல் வெளியேறுங்கள். நடுவில் வேறொரு டி.எஸ்.ஆர். அதே இன்டரப்டைப் பிடித்திருந்தால் இந்தச் சோதனை ஏமாறும்.