ஓபன்எஸ்கேடில் ஒரு பேட்டரித் தாங்கி: ஐந்து எண்கள், எட்டுத் துளைகள்

ஓபன்எஸ்கேட், சுட்டியால் இழுத்து வரையும் மென்பொருள் அன்று. நாம் எழுதும் கட்டளைகளைப் படித்து முப்பரிமாண உருவத்தைக் கட்டித் தரும் கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். முகமோ சிலையோ செய்ய நினைப்பவருக்கு இது ஏற்றதன்று. அளவு சொல்லிச் செய்யும் பொருள்களுக்கு இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை. எட்டு டபுள் ஏ பேட்டரிகளை நிறுத்தி வைக்கும் தாங்கி ஒன்றை இதில் செய்வோம்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது கட்டளைகளும் மாறிகளின் (அளவுகளைச் சேமிக்க நாம் பெயரிட்டு வைப்பவை) பெயர்களும் ஆங்கில எழுத்துகளில்தான் இருக்க வேண்டும். இரண்டு சாய்கோடுகளுக்குப் பின் எழுதும் குறிப்புகள் மட்டும் தமிழில் இருக்கலாம்.

படி 1: அளவெடுத்தல்

டபுள் ஏ பேட்டரியின் விட்டம் அதிக அளவாக 14.5 மி.மீ., நீளம் 50.5 மி.மீ. பேட்டரி தடையின்றி இறங்க அரை மில்லிமீட்டர் இடம் விட்டு, துளையின் விட்டத்தை 15 என வைத்துக்கொள்வோம். நிரலின் தொடக்கத்தில் ஐந்து மாறிகளை எழுதுங்கள்: துளை 15, சுவர் 2, உயரம் 25, நெடுக்கு 4, குறுக்கு 2. கடைசி இரண்டும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வரும் துளைகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அரைப்புள்ளி வேண்டும். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடு வரையுள்ள தொலைவைக் குறிக்க, ஆறாவதாக வரும் இடைவெளி என்னும் மாறிக்கு எண்ணைத் தராமல், துளையையும் சுவரையும் கூட்டித் தாருங்கள். அது தானே 17 ஆகிவிடும். இனி எந்த வரியிலும் எண்ணை நேரடியாக எழுதுவதில்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

படி 2: கட்டையும் துளையும்

கியூப் என்னும் கட்டளை கனசெவ்வகத்தைத் தரும். நெடுக்கை இடைவெளியால் பெருக்கி ஒரு சுவரைக் கூட்டினால் நீளம் 70. குறுக்கை அவ்வாறே கணக்கிட்டால் அகலம் 36. கட்டையின் உயரத்துக்கு உயரம் என்ற மாறியே. துளைக்கு சிலிண்டர் என்னும் கட்டளை. அதன் உயரத்துக்கு உயரம் என்ற மாறியையும், விட்டத்துக்குத் துளை என்ற மாறியையும் கொடுங்கள். டிரான்ஸ்லேட் கட்டளையால் அதைச் சுவரும் துளையின் பாதியும் சேர்ந்த 9.5 மி.மீ. தொலைவுக்கு இரு திசைகளிலும் நகர்த்தி, சுவரின் அளவுக்கு மேலே தூக்குங்கள். அடியில் 2 மி.மீ. தளம் மிஞ்சும்; உருளையின் தலை கட்டையைத் தாண்டி 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டல் வேண்டுமென்றே வைத்தது. உருளையின் மேற்பரப்பும் கட்டையின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் முடிந்தால், முன்னோட்டத்தில் துளையின் வாயில் மெல்லிய தோல்போல ஒன்று மினுக்கித் தெரியும்.

டிரான்ஸ்லேட்டுக்குப் பின் அரைப்புள்ளி வைக்கக் கூடாது. வைத்தால் அந்தக் கட்டளை அங்கேயே முடிந்துபோய், உருளை தொடக்கப் புள்ளியிலேயே நின்றுவிடும். தொடக்கத்தில் என் நேரத்தை அதிகம் தின்ற பிழை இதுதான்.

படி 3: பெருக்குதலும் கழித்தலும்

எட்டு உருளைகளை எட்டு முறை எழுத வேண்டியதில்லை. ஃபார் என்னும் மடக்குக் கட்டளையில் 0 முதல் நெடுக்கு கழித்தல் 1 வரை ஓர் எண்ணும், குறுக்குக்கு அவ்வாறே இன்னோர் எண்ணும் ஓடச்செய்து, அவற்றை இடைவெளியால் பெருக்கி நகர்வோடு கூட்டுங்கள். முழுவதையும் டிஃபரன்ஸ் என்னும் கட்டளையின் நெளிவடைப்புக்குள் இடுங்கள். அதில் முதலில் வரும் பொருள் நிற்கும். பின்னால் வருபவை அனைத்தும் அதிலிருந்து வெட்டப்படும். ஆகவே கட்டை முதலில், உருளைகள் பிறகு. எஃப்5 விசையை அழுத்தினால் முன்னோட்டம் தெரியும்.

படி 4: வட்டம் என்று நினைப்பது வட்டமன்று

இந்த மென்பொருள் வட்டத்தைப் பலகோணமாகவே வரைகிறது. மூலைகள் வட்டத்தின் மீது இருக்கும். பக்கங்களின் நடுப்பகுதியோ உள்ளே தள்ளியிருக்கும். இயல்பான அமைப்பில் நம் துளைக்கு 24 பக்கங்கள்தான் கிடைக்கும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளந்தால் 15 அன்று, 14.87 மி.மீ. மட்டுமே. பேட்டரிக்காக நாம் விட்ட அரை மில்லிமீட்டரில் கால்பங்கு இப்படியே போய்விடுகிறது. டாலர் குறியோடு தொடங்கும் எஃப்என் என்னும் சிறப்பு மாறிக்கு 64 என மதிப்புக் கொடுத்தால் அது 14.98 ஆக உயரும்.

படி 5: முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிடுதல்

எஃப்6 அழுத்தி உருவத்தை முழுமையாகக் கணக்கிடச் செய்து, எஃப்7 அழுத்தி எஸ்டிஎல் கோப்பாகச் சேமியுங்கள். அந்தக் கோப்பில் அலகு எதுவும் இராது. உருவத்தை அடுக்கடுக்காகப் பிரித்து அச்சுப்பொறிக்குத் தரும் ஸ்லைசர் மென்பொருள் பொதுவாக எண்களை மில்லிமீட்டராகவே எடுத்துக்கொள்ளும். பிஎல்ஏ என்னும் பிளாஸ்டிக் இழை, 0.2 மி.மீ. அடுக்கு, 15 விழுக்காடு உள்நிரப்பு போதும். துளைகள் மேல்நோக்கித் திறந்திருப்பதால் தாங்குகால்கள் தேவையில்லை.

ஆனால் முழுத் தாங்கியை உடனே அச்சிட வேண்டாம். அச்சில் வரும் துளை, வரைந்ததைவிடச் சற்றுச் சுருங்குவது வழக்கம். எவ்வளவு என்பது அச்சுப்பொறிக்கு அச்சுப்பொறி மாறும். நெடுக்கையும் குறுக்கையும் 1 எனவும் உயரத்தை 10 எனவும் மாற்றினால், 19 மி.மீ. சதுரத்தில் ஒற்றைத் துளையுள்ள சிறு துண்டு கிடைக்கும். அதில் பேட்டரியை இறக்கிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் துளையை 15.2 ஆக்கி மறுபடி பாருங்கள். பொருந்திய பிறகு நெடுக்கு, குறுக்கு, உயரம் மூன்றையும் பழைய எண்களுக்குத் திருப்புங்கள். டிரிபிள் ஏ பேட்டரிக்கும் ஒரு தாங்கி வேண்டுமென்றால், அதன் விட்டம் 10.5 மி.மீ. என்பதால் துளையை 11 என மாற்றினால் போதும். கட்டை தானாகவே 54க்கு 28 எனச் சுருங்கிக்கொள்ளும்.