ஒன்லைன் பயிற்சியில் வரலாற்று ஆசிரியர்கள் கோட்டைவிடும் இடங்கள்

திருகோணமலையில் வரலாறு படிப்பிக்கும் ஒருவர் கொழும்புக்கு அருகே மகரகமவில் நடக்கும் செயலமர்வுக்குப் போய்வர இரண்டு நாள் போய்விடும். வீட்டிலிருந்தே படிக்கும் வசதி வந்தது அந்த வகையில் பெரிய ஆறுதல். ஆனால் பாடநெறி முடிந்து சான்றிதழ் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிய பிறகும், தரம் 8 வகுப்பில் பழையபடி பந்தி வாசிப்பும் குறிப்பு எழுதலுமே நடக்கிறது. ஏன் இப்படி?

பாடநெறி தரும் உதாரணத்தை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோவதுதான் முக்கிய காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான வரலாற்று வாசிப்பு முறை இத்தகைய பயிற்சிகளில் அடிக்கடி வரும். ஒரு மூலாதாரத்தை யார், எப்போது, எதற்காக எழுதினார்? அந்தக் காலத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? வேறு மூலாதாரங்கள் அதோடு ஒத்துப்போகின்றனவா? இந்தக் கேள்விகள் எந்த ஊருக்கும் பொருந்தும். அவற்றோடு வரும் அமெரிக்கப் பாடத்தைத் தமிழாக்கிப் பிரதி எடுத்துக் கொடுத்தால், நம் மாவட்டத்து மூதூர்ப் பிள்ளை அதை இன்னொரு மனனப் பாடமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அதே மூதூரில் ரொபர்ட் நொக்ஸின் கதை இருக்கிறதே. கொட்டியாரக் குடாவுக்கு வந்த ஆங்கிலேயக் கப்பலைச் சேர்ந்தவர்களை 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பலின் கப்டன் பெயரும் ரொபர்ட் நொக்ஸ், அவருடைய மகன் பெயரும் ரொபர்ட் நொக்ஸ். தகப்பன் 1661இல் சிறையிருப்பிலேயே இறந்துபோனார். மகன் 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து, பிறகு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அவர் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளியானது. மூதூரில் அவர்கள் பிடிபட்டதாகக் காட்டப்படும் இடத்தில் ஒரு நினைவுக்கல் உண்டு. அதை நாட்டியதோ இருநூறு வருடங்களுக்கும் மேல் கழித்து! நூல், கல், ஊரில் சொல்லும் கதை என்று மூன்றையும் மேசையில் வைத்து, எதை எவ்வளவுக்கு நம்பலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தன்னைச் சிறைவைத்த அரசனைப் பற்றி எழுதுபவர் எந்த இடத்தில் கூட்டிச் சொல்வார், எதைக் கண்ணால் கண்டிருப்பார் என்று அவர்களே வாதாடத் தொடங்குவார்கள். தகப்பனையும் மகனையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளையும் இருக்கும். அந்தக் குழப்பத்தையும் பாடமாக்கலாம்.

திருகோணமலைப் பட்டணத்துப் பாடசாலை என்றால் பிரெட்ரிக் கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, 1782இல் ஒரே வருடத்துக்குள் ஆங்கிலேயரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறி, 1795இல் மறுபடி ஆங்கிலேயர் வசமான இடம். பழைய நூல், பத்திரிகை தேட 2005இல் தொடங்கிய 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளம் இலவசமாகத் திறந்திருக்கிறது.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமான விடயம். வாய்மொழி வரலாறு பற்றிய பாடநெறிகளில், குடும்பத்தின் கதையைக் கேட்டு வந்து வகுப்பில் சொல்லச் சொல்லும் பயிற்சி அடிக்கடி இருக்கும். நம்மிடத்தில் அதை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். யுத்தத்திலோ 2004 சுனாமியிலோ ஆளை இழந்த வீடு எது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது. தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் ஒரே சம்பவத்தை வேறு வேறு விதமாக நினைவு வைத்திருக்கும். முதலில் அம்மம்மா காலத்துச் சமையல், மீன்பிடி, வயல்வேலை, பழைய கடைத்தெரு என்று தொடங்கலாம். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது வீட்டாரின் விருப்பமாக இருக்கட்டும். சொல்பவரின் சம்மதமில்லாமல் போனில் பதிவு செய்யவும் கூடாது.

நேரக் கணக்கிலும் பலர் சறுக்குகிறார்கள். இலண்டனில் மாலை 4 மணிக்கு நடக்கும் நேரடி வகுப்பு நமக்குக் குளிர்காலத்தில் இரவு 9.30, கோடையில் இரவு 8.30. மார்ச் கடைசியிலும் ஒக்டோபர் கடைசியிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதைக் கவனிக்காமல், ஒரு மணித்தியாலம் பிந்தியோ முந்தியோ சூமுக்குள் நுழைபவர்கள் உண்டு. டேட்டா குறைவென்றால் கமெராவை மூடிவைப்பதில் குற்றமில்லை. கமெராவோடு காதையும் மூடிக்கொள்வதுதான் பிரச்சினை.

இன்னொன்று, தனியாகப் படிப்பது. கிண்ணியாவில் ஒருவர், நிலாவெளியில் ஒருவர், சம்பூரில் ஒருவர் என்று மூன்று பேர் ஒரே பாடநெறியில் சேர்ந்தால், வாரம் ஒரு தடவை போனில் பேசி, படித்ததை அந்த வாரமே ஒரு பாடவேளையில் செய்து பார்க்கலாம். எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்த தவணையில் பார்க்கலாம் என்று வைத்தால், தவணைப் பரீட்சையும் விளையாட்டுப் போட்டியும் வந்து அது அப்படியே போய்விடும்.

அப்புறம் பணம். கோர்செரா, எடெக்ஸ் போன்ற தளங்களின் பல பாடநெறிகளில் சான்றிதழுக்குத் தனியாகக் கட்டணம் உண்டு. அந்தச் சான்றிதழ் உங்கள் பதவி உயர்வுக்குக் கணக்கில் வருமா என்று கார்டைக் கொடுக்கும் முன்பே வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வராது என்றால், இலவசமாகத் திறந்திருக்கும் பகுதிகளை மட்டும் படித்தாலே வகுப்புக்குப் போதும்.