நியூரல் புரோபைத் தொங்கவிட்டு டீக்குப் போகாதீர்கள்

போன வாரம் கோவையில் எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த தம்பி, நரம்பு செல்களின் மின்துடிப்பைப் பிடிக்கும் சிலிக்கான் ஊசியான புரோபை எலியின் மூளையிலிருந்து வெளியே எடுத்தான். அதை ஏற்றி இறக்கும் கருவியான மேனிபுலேட்டரில் அப்படியே தொங்கவிட்டு, "டீ குடிச்சுட்டு வந்து கழுவிக்கறனுங்ணா" என்றான். நான் போட்ட சத்தம் மாடிக்கே கேட்டிருக்கும். கோபம் அவன்மேல் இல்லை, அதையே செய்த பழைய என்மேல்.

மூளைக்குள் இறங்கும் மெல்லிய தண்டான ஷாங்க்கை விரலால் தொடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள்.

காயவிடுவது

நியூரோபிக்ஸல்ஸ் 1.0 என்ற வகைப் புரோப் என்றால் ஷாங்க் 10 மில்லிமீட்டர் நீளம், 70 மைக்ரான் அகலம், 24 மைக்ரான் தடிமன். அதில் 960 பதிவுப் புள்ளிகள்; ஒரே நேரத்தில் 384-இலிருந்து பதியலாம். வரும் சிக்னலோ சில பத்து முதல் சில நூறு மைக்ரோவோல்ட். அந்தப் புள்ளிகள்மேல் ரத்தமும் திசுவும் காய்ந்தால், ராத்திரி ஊறப்போடாத மாவுப் பாத்திரத்தின் கதைதான். இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கான தடை, ஏறும்; இரைச்சலில் ஸ்பைக் (ஒரு செல்லின் மின்துடிப்பு) மூழ்கும். அடுத்த முறை இறக்கும்போது அந்தப் பொருக்கு மூளையைத் துளைக்காமல் அமுக்கும்.

முன்பொருமுறை நான் தொங்கவிட்டபோது செய்தது இன்னும் மோசம். காய்ந்ததைப் பார்த்துப் பதறி, டிஷ்யூ பேப்பரை நனைத்துத் துடைத்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நுனியைக் காணோம். உடைந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மாற்றுப் புரோப் கஸ்டம்ஸ் தாண்டி வர மூன்று மாதம். அதுவரை வேறொருவரின் டேட்டாவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

எடுத்த கையோடு ஷாங்க்கை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் முக்குங்கள். பின்னாலிருக்கும் சர்க்யூட் போர்டு நனையக்கூடாது. அப்புறம் புரதத்தைக் கரைக்கும் டெர்காசைம் கரைசலில் ராத்திரி முழுக்க. காலையில் மறுபடி காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீர் வேண்டாம். சிறுவாணி நாக்குக்குத்தான் ருசி, அதன் உப்பும் படியும்.

வேகமாக இறக்குவது

நொடிக்குச் சில மைக்ரான் மட்டும் இறக்குங்கள். அவ்வளவுதான்.

இறக்கியதும் பதிவு

திசு அடங்க அரை மணி நேரம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பைக் ஒரு சேனலிலிருந்து (பதிவுப் புள்ளியிலிருந்து) பக்கத்துச் சேனலுக்குக் கண்முன்னே நகரும்.

50 ஹெர்ட்ஸ் இரைச்சல்

இது கரண்ட் லைனின் இரைச்சல். அந்த ஒரு அலைவரிசையை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைத் தேடாதீர்கள், எர்த்தையும், சிக்னலை ஒப்பிட்டு அளக்கும் ரெஃபரன்ஸ் ஒயரையும் பாருங்கள். பம்புசெட் ஊராயிற்றே, மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்மேல் இரண்டு நாள் பழி போட்டோம். கடைசியில் பார்த்தால், ரெஃபரன்ஸ் ஒயரைச் சுற்றியிருந்த சலைன் (உப்புநீர்) காய்ந்து கிடந்தது. மூன்று சொட்டு விட்டோம், இரைச்சல் போய்விட்டது.