மோட்டார்ஹோம் சன்னல்களுக்கு மறைப்பு

டிசம்பர் விடுமுறையில் டர்பனிலிருந்து கரூ என்னும் வறண்ட நிலப்பகுதி வழியாகக் கேப்டவுனுக்கு, தங்கும் வசதியுள்ள வண்டியான மோட்டார்ஹோமில் செல்லும் நம்மவர்கள், வெயிலைத் தடுக்கச் சன்னலுக்கு உள்ளே திரை போட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். ஆனால் கண்ணாடியைக் கடந்து வந்த வெயில் திரையைச் சூடாக்கி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே பரப்பிவிடும் என்பதால், முன்கண்ணாடிக்கு வெளிப்புறமாகப் போர்த்தும் வெள்ளிநிற உறையே மிகுந்த பலன் தரும். முன்கண்ணாடி பரப்பில் பெரியது. சாய்ந்தும் இருப்பதால், மற்றச் சன்னல்களைவிட அதற்கே முதலில் செலவிடுவது நல்லது.

பக்கச் சன்னல்கள் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவையாக இருந்தால், கடும் வெயிலில் உள்மறைப்பை முழுவதுமாக மூடாமல் சிறிது இடைவெளி விட வேண்டும்; இடையில் தேங்கும் வெப்பத்தால் அக்ரிலிக் வளையக்கூடும். தென்னாப்பிரிக்காவில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், இடம் கிடைக்குமானால் வண்டியின் முகத்தைத் தென்கிழக்காகத் திருப்பி நிறுத்தலாம்.

கண்ணாடியில் ஒட்டும் பளபளப்பு ஃபிலிம் பகலில் மட்டுமே நம்மை மறைக்கும். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் வெளியே நிற்பவருக்கு எல்லாம் தெரியும். ஆகவே இரவுக்குத் தடித்த துணித்திரை தனியாக வேண்டும். கூரைக் காற்றுத்திறப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.